தவிட்டுக்கு வாங்காத பெயர்

என் வயதுக்காரர்களே, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, சர்க்கரை போடாத காபியைத் திட்டிக்கொண்டே குடிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டுகிறார்கள். இதில் வருகிற யாருக்கும் நான் பெயர் சொல்லப்போவதில்லை. அப்பா என்றால் அப்பாதான், பெரியப்பா என்றால் பெரியப்பாதான். என் பெயரும் உங்களுக்கு வேண்டாம். ஒரே ஒருவனுக்கு மட்டும் பெயர் உண்டு, அதுவும் முழுப்பெயர். என் அண்ணன் சவரிமுத்து.

போன மாதம் ஆரணியில் அவனுக்கு எழுபதாம் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னால் அண்ணன் மகன் அழைப்பிதழின் மாதிரியைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினான். பிள்ளையார் இருந்தார், முருகன் இருந்தார், ரோஜாப்பூ இருந்தது. நடுவில் "எஸ். முத்து" என்று இருந்தது.

"யாருடா இது எஸ். முத்து?" என்று கேட்டேன்.

"அப்பாதான் அத்தை."

"உங்கப்பாவுக்கு இருக்கிற பேரு கடையில கிடைக்கலியா?"

"இல்ல அத்தை, என் பொண்டாட்டி வூட்டுக்காரங்க, ஆபீஸ்காரங்க எல்லாம் வருவாங்க. முழுப் பேரும் போட்டா ஒவ்வொருத்தரும் வந்து கேப்பாங்க. நீங்க கிறிஸ்டினா, எப்ப மாறினீங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிகினு நிக்கணும். பேஜாரு."

"சொல்லேன். வாய் சுளுக்கிக்குமா?"

அவன் சிரித்து மழுப்பினான். அண்ணனைக் கேட்டால் அவனும் சிரிக்கிறான். "வுடேன், பசங்க இஷ்டம்" என்கிறான். இந்தப் பெயருக்காக ஒரு காலத்தில் தெருவையே எதிர்த்து நின்றவன் பேசுகிற பேச்சா இது? எனக்கு வந்த கோபத்தில், "இந்தப் பத்திரிகை அடிச்சா நான் வரமாட்டேன். யாரோ எஸ். முத்துவுக்குக் கல்யாணம்னா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு புது மாதிரி வந்தது. முழுப்பெயர், தங்க எழுத்தில், பிள்ளையாரை விடப் பெரிதாக. பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல்யாணத்தில் வந்தவர்கள் கேட்டார்கள்தான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள், "நெசவுக்காரத் தெருவுல, முருகன் கோயிலுக்கு எதிர் வூட்டுல பொறந்துட்டு எப்படிங்க இந்தப் பேரு?" என்றாள். பாயசம் ஆறிப்போகிற வரைக்கும் சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அண்ணனுக்கு முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. ஒன்று முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகு போனது. இன்னொன்று அதற்கும் முன்னால். அந்தக் காலத்தில் இப்படி ஆனால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாவதாகப் பிறந்ததை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பெற்ற பிள்ளை ஒன்றையும் பறிகொடுக்காத வேறொரு வீட்டுக்காரி அந்த வழியாக வருவாள். "யார் புள்ள இது?" என்பாள். "யாருதோ, கெடக்குது" என்று பெற்றவள் சொல்ல வேண்டும். வந்தவள் ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அப்புறம் அது அவள் பிள்ளை. பெற்றவள் சும்மா வளர்க்கிறாள், அவ்வளவுதான். பெயர் வைப்பதும் வாங்கினவள்தான். குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று மட்டமாக ஒன்றை வைப்பாள். எமன் வந்து பார்த்தால், சே, குப்பை என்று விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எமனை அவ்வளவு முட்டாள் என்று நம் பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு.

என் அண்ணனை வாங்கினவள் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருந்த வேதக்கார அம்மாள், கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவள். தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். புடவையின் குறுக்கே ஓடுகிற பட்டு இழையைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தருவதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு, அம்மிக்கல் மாதிரி இருந்தார்கள். அவளைவிட்டால் பொருத்தமான ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. அண்ணன் அவளை "வாங்கின அம்மா" என்றே கூப்பிட்டான். நானும் அப்படியே கூப்பிட்டேன், என்னை யாரும் வாங்காவிட்டாலும்.

அந்த வீட்டின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. உருகின மெழுகுவர்த்தி, கருவாட்டுக் குழம்பு, சாயம் போகாத புதுப் பட்டின் ஒருவகைப் புளித்த வாடை, மூன்றும் சேர்ந்தது. பழைய சைக்கிள் சக்கரத்தில் செய்த ராட்டினம் ஒன்று வைத்திருந்தாள். அது சுற்றும்போது நிழல் சுவரெல்லாம் ஓடும். நானும் அண்ணனும் அந்த நிழலைப் பிடிக்கப் போய்ச் சுவரில் இடித்துக்கொள்வோம். இப்போது அந்த இடத்தில் விசைத்தறி ஓடுகிறது. ராட்டினம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது.

வாங்கின அம்மா அண்ணனைத் தன் மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுப்பாள், அவன் பிறந்தநாளில் முட்டை வேகவைத்துக் கொடுப்பாள். யாராவது அவனைக் காட்டி "உன் புள்ளையா?" என்று அம்மாவைக் கேட்டால் அம்மா தயங்காமல், "அக்கா புள்ள. நான் வளத்துகினு இருக்கறேன்" என்பாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவனுக்கு அடிபட்டு அழுதாலும் அம்மா முதலில் பின்தெருப் பக்கம் பார்த்து, "அக்கா, ஒன் புள்ள வுழுந்துட்டான்" என்று கத்திவிட்டுத்தான் தூக்குவாள்.

பெயருக்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் பேரன் அன்றைக்குக் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான். சவரியார் என்பது கடல் தாண்டி வந்த ஒரு சாமியாரின் பெயராம். அதுவும் முதலில் ஆள் பெயர் இல்லையாம், அவர் பிறந்த ஊரின் பெயராம். அந்த ஊர்ப் பாஷையில் அதற்குப் புது வீடு என்று அர்த்தமாம். நம் வாயில் விழுந்து சவரி ஆகி, முத்துவும் சேர்ந்துகொண்டது. சரி, இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. என் அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்தது அந்த ஊரிலிருந்து இல்லை. எங்கள் தெருக் குப்பைமேட்டிலிருந்து.

பிரச்சினை வந்தது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது இருந்தபோது. ஆனி முடியப்போகிற நேரம். ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை இறக்க வேண்டும் என்று தெருவில் எல்லாத் தறியும் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் பெரியப்பா அப்போது பெரிய முதலாளி. தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்கிக்கொள்வார். எங்கள் அப்பாவின் தறியில் ஏறுகிற பாவும் அவர் கொடுத்ததுதான். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டுகிற இழை, அது இல்லாவிட்டால் தறி வெறும் கட்டை. அண்ணன் முதலாளி, தம்பி கூலி. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான்.

பெரியப்பா மகளை, அதாவது அக்காவை, கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அக்கா காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பா தட்டில் இருந்த முறுக்கை எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தார். சோடா வாங்கப் போன என் அண்ணனைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "டேய் சவரிமுத்து, ஜல்தியா வாடா, கேஸ் போயிடப் போவுது" என்று கத்தினார்.

மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த முறுக்கு நின்றது.

"யாருங்க அந்தப் பையன்?"

"என் தம்பி மகன்" என்றார் பெரியப்பா.

"தம்பி வேதத்துல சேந்துட்டாரா?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க. அது ஒரு பழைய கதை. தவுட்டுக்கு வித்த புள்ள."

"ஓகோ" என்றார் அவர். அந்த ஓகோவில் ஒன்றும் இல்லை, எல்லாம் இருந்தது. மிச்ச முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். போனார்கள், சொல்லவில்லை.

அக்கா அழுதாள் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். என்னிடம் அக்கா சொன்னது வேறு. "அழுதேன்தான், சந்தோஷத்துல. அந்த மாப்பிள்ள மூக்க உறிஞ்சிகினே இருந்தான்டி. காலம் பூரா அந்தச் சத்தத்தக் கேட்டுகினு யாரு இருக்கறது?" ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா கேட்டதெல்லாம் ஒரே கேள்வி, இந்தப் பெயர் எதற்கு என்பது. ஒரு பையன் பெயரால் ஒரு பெண்ணின் வாழ்க்கை நிற்கிறது என்றார். இன்றைக்கு யோசித்தால் அவர் பயமும் எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்றவருக்குத் தெருவில் பறக்கிற தூசிகூடப் பயம்தான். ஆனால் பயந்தவர் தன் கூரையைச் சரிபார்க்காமல் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்தார். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அவர் செய்த ஏற்பாடு இதுதான். தவிட்டுக்கு விற்ற பிள்ளையைத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். கல்யாணத்தின்போது அப்படி மீட்பது வழக்கம்தான். இப்போதே மீட்டுவிட்டால் பழைய பெயர் போய்விடும். ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் தெரு முருகன் கோயிலில், எல்லார் முன்னாலும், புதுப் பெயரில் அர்ச்சனை. பெயரும் அவரே முடிவு செய்துவிட்டார், குமரவேல். அப்பாவிடம் சொன்னார். அப்பா தறிக் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்பாவைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். வாயில்லாத பூச்சி என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் வாங்கின அம்மா ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகச் சேத்துப்பட்டுக்குப் போயிருந்தாள். பெரியப்பாவுக்குப் பொறுமை இல்லை. கொடுத்தது ஒரு பிடி என்றால், நாம் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது என்று ஒரு மூட்டைத் தவிட்டைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய், பூட்டிக் கிடந்த அவள் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு வந்தார். "கணக்கு தீந்துது" என்று கையைத் தட்டினார். அவர் முதுகைத் திருப்புவதற்குள் பின்தெரு ஆடுகள் எல்லாம் வந்துவிட்டன. அதற்குள் தகவல் போய் இரண்டு மாடும் வந்தன. நானும் அண்ணனும் நின்று வேடிக்கை பார்த்தோம். பொழுது சாய்வதற்குள் வாசல் பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணனுக்குப் புதுப் பெயர் பழகவில்லை. தெருவில் பெரியப்பாவின் ஆட்கள் பழக்கப்படுத்துகிறோம் என்று, "குமரவேலு, குமரவேலு" என்று கூப்பிடுவார்கள். இவனும் எல்லாரையும் போல யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கொண்டாட்டம். ஒரு நாள் அவன் என்னிடம், "ஏய், அந்தப் பேரும் நல்லாத்தான் இருக்குது இல்ல?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு அண்ணன் ஒருத்தன்தான். குமரவேலுன்னு யாரையும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அவன் மீது தப்பு இல்லை. பன்னிரண்டு வயதில் யாருக்குத்தான் கேலி இல்லாத பெயர் பிடிக்காது? ஆனால் நான் அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

அம்மா செய்தது வேறு. அவனை எந்தப் பெயரிலும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுக்கு, "வா" என்பாள். ராத்திரியில் அவன் தூங்கின பிறகு அவன் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். முன்பு இரண்டு முறை அப்படி விரல் வைத்துப் பார்த்து, மூச்சு வராமல் நின்ற கை அது. இது பெரியப்பாவுக்கு எங்கே தெரியும்?

கிருத்திகைக்கு முந்தின நாள் வாங்கின அம்மா ஊர் திரும்பினாள். பேருந்திலிருந்து இறங்கித் தன் வீட்டுக்குப் போய்விட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் இன்னும் துணிப்பை இருந்தது. உள்ளே பெரியப்பாவும் இருந்தார், நாளைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார் பெரியப்பா. "ஒனக்குச் சேர வேண்டிய தவுடு வந்து சேந்துடுச்சு. இனிமே புள்ள எங்க புள்ள."

"எங்கங்க சேந்துது? வாசல்ல ஆட்டுப் புழுக்கதான் கெடக்குது."

"ஒரு மூட்ட கொட்டினேன்."

"நான் குடுத்தது ஒரு பிடிங்க. மூட்டையா வாங்கிகினு நான் இன்னா தவுட்டுக் கடையா வைக்கப் போறேன்?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, நிதானமாகச் சொன்னாள். "புள்ளய எனக்குக் குடுத்தவ ஒங்க தம்பி பொண்டாட்டி. அவ வந்து கேட்டா இப்பவே குடுத்துடறேன். தவுடும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஆனா பேரு நான் தவுட்டுக்கு வாங்கினது இல்லீங்களே. சும்மா வந்தது. அத எப்படித் திருப்பறது?"

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சும்மா வந்துதா? பேர வைக்கும்போதே கணக்குப் போட்டுத்தான வச்ச? இன்னிக்குப் பேரு, நாளைக்கு ஆளு. ஒன் கோயிலுக்கு ஆள் சேக்கறதுக்கு எங்க வூட்டுப் புள்ளதான் கெடச்சுதா?"

வாங்கின அம்மா துணிப்பையைக் கீழே வைத்தாள். அம்மாவை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெரு அவளைப் பற்றி இப்படித்தான் பேசியிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். பெரியப்பா முன்னால் அதுவரை அம்மா நின்று பேசியதே கிடையாது. கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசுவாள்.

"அக்காவ ஏன் கேக்கறீங்க மாமா? என்னக் கேளுங்க."

"நீ உள்ள போம்மா."

"போவமாட்டேன். அக்கா வைக்கறேன்னு சொன்ன பேரு குப்பன். வழக்கம் அதுதான, அதத்தான் சொன்னாங்க. நான்தான் வாணாம்னு சொன்னேன். செத்துப்போன ரெண்டும் குப்பையா மாமா? பெத்துப் பாலு குடுத்து, கையில வச்சிகினு இருக்கும்போதே போச்சே, அது குப்பையா? எமன ஏமாத்தறதுக்காக என் புள்ளய தெனமும் குப்பன்னு கூப்புட என்னால முடியாது. ஒங்க சாமிங்கள்ல புள்ளைங்க மேல பிரியமா இருக்கறவரு யாரு அக்கான்னு கேட்டேன். சவரியாருன்னு ஒருத்தரு, அவரு மணியடிச்சிகினு தெருவுல போனா புள்ளைங்க எல்லாம் ஓடியாரும்னு சொன்னாங்க. அந்தப் பேர வையுங்கன்னு நான்தான் அவங்க கையப் புடிச்சுகினு கெஞ்சினேன். வாணாம் தங்கச்சி, ஒங்க வூட்டுல ஒத்துக்கமாட்டாங்கன்னு அவங்க சொன்னாங்க. யாரு கேட்டாலும் நீங்க வச்சதாவே இருக்கட்டும்னு சத்தியம் வாங்கினேன். அந்தச் சத்தியத்துக்குத்தான் இத்தினி வருஷம் இவங்க பேச்சு வாங்கிகினு இருந்தாங்க."

தெருவில் அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நம்ம முருகன் இல்லியாம்மா?" என்றார் பெரியப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அவருகிட்ட கேக்கறதுக்கு இன்னா?"

"ரெண்டு தபா கேட்டேன் மாமா. முடி எறக்கறேன்னேன், காவடி எடுக்கறேன்னேன். ரெண்டு தபாவும் அவரு காதுல வுழல. மூணாவது தபா வேற வூட்டுக் கதவத் தட்டினேன். தட்டினது தப்பா?"

அடேயப்பா! என் அம்மா. ரேஷன் கடையில் தனக்கு முன்னால் நுழைகிறவளைக்கூட ஒரு வார்த்தை கேட்காதவள். அண்ணன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரியும், தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று.

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கறா. நாளைக்குக் கோயில்ல புதுப் பேருல அர்ச்சனை நடக்கும். நடக்கலேன்னா இந்தத் தறியில என் பாவு ஏறாது. யோசிச்சுக்க."

அப்பா அப்போதும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் பெரியப்பா கொடுத்தனுப்பிய புதுச் சட்டையை அண்ணனுக்குத் தானே போட்டுவிட்டார், பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். அம்மா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். கோயிலுக்கு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். பெரியப்பா வீட்டு அக்கா வந்து பிரித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆடிக் கிருத்திகை என்றால் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தறி ஒன்றும் ஓடாது. மஞ்சள் துணி, பூக்காவடி, வேப்பிலை, மொட்டைத் தலைகளில் பூசின சந்தனம். கோயிலுக்குள் கற்பூரப் புகையில் கண் எரிந்தது. தெருவே கூடியிருந்தது, பெரியப்பா சொல்லிவைத்திருந்தார். கலசப்பாக்கம் பக்கத்துக் கல்யாணத் தரகர்கூட வந்திருந்தார். வெளியே பூக்கடைப் பக்கம் கூட்டத்தில் வாங்கின அம்மா முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்ததை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான்.

தட்டில் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்து அண்ணன் கையில் கொடுத்தார்கள். குருக்கள் வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

"குமரவேல்" என்றார் பெரியப்பா, எல்லாருக்கும் கேட்கும்படி.

"இருங்கோ" என்றார் குருக்கள். "புதுசா பேர் மாத்தறேள்னு சொன்னேள். கொழந்தை வாயால சொல்லட்டும். அவன் ஒத்துண்டு சொன்னாத்தான் அது அவன் பேரு. சொல்லுடா, உன் பேரு என்ன?"

அண்ணன் அவரைப் பார்த்தான். அப்புறம் அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"சவரிமுத்து."

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ "த்சொ" கொட்டினார்கள். பெரியப்பா அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார். "மறந்துட்டான் சாமி. டேய், ஒழுங்கா சொல்றா."

"சவரிமுத்து" என்றான் மறுபடியும்.

குருக்கள் நல்ல மனிதர். யாரும் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிறவர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "முத்துங்கறதும் நம்ம சாமி பேருதானே. முத்துக்குமாரன்னு சொல்லிடறேனே? யாருக்கும் கஷ்டம் இல்லாம போயிடும்" என்றார். கூட்டத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. தரகர் தலையாட்டினார். பெரியப்பாவின் கைகூடத் தோளிலிருந்து தளர்ந்தது. அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் அது போதும் என்று இருந்தது.

"முழுசா சொல்லுங்க, சாமி" என்றான் அண்ணன்.

குருக்கள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்தார். அவமானத்தில் குனிகிறார் என்று நான் நினைத்தேன். இல்லை, சரி என்று தலையசைத்திருக்கிறார். குருக்களுக்குப் புரிந்தது, எனக்குத்தான் புரியவில்லை. குருக்கள் கருவறைக்குள் போனார். "சவரிமுத்து நாமதேயஸ்ய" என்று அவர் சமஸ்கிருதத்தில் சொன்னது தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவ்வளவு அழுத்தம் திருத்தமாக அதற்கு முன்னால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியப்பா பிரசாதம் வாங்காமல் இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் அவருடைய ஆள் வந்தான். வெளியே நின்று ஒருமுறை இருமினான், அப்புறம் உள்ளே வந்தான். அரைகுறையாக நின்ற புடவையை அறுத்தான். பாவைச் சுருட்டினான். ஜரிகைக் கட்டையையும் எடுத்துக்கொண்டான். தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா தடுக்கவில்லை. ஆள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வெறும் தறியின் முன்னால் குழிக்குள் காலைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை கேட்கும்படி கூப்பிட்டார்.

"டேய் சவரிமுத்து! சட்டைய மாட்டிகினு வாடா. முள்ளிப்பட்டு வரைக்கும் போய் வேல கேட்டுட்டு வரலாம்."